அந்த 43க்கு ரசீது எங்கே?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுக்கு. மகன் பிளஸ் டூ, 17 வயது. நீட் பயிற்சிக்கு ஒரு மையத்தில் சேர்த்திருக்கிறோம். மூன்று மாதமாக வகுப்பில் எல்லாப் பிள்ளைகள் நெற்றியிலும் ஒரு பட்டை மாட்டுகிறார்கள். மூளை அலையை அளந்து, கவனம் எவ்வளவு என்று சொல்லுமாம். ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் மார்க் வரும். போன வாரம் என் மகனுக்கு 43. "உடம்பு இங்கே இருக்கு, மனசு எங்கேயோ இருக்கு" என்று எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவன் அப்பா சத்தம் போட்டார். பையனோ, "இனிமே எதையும் நினைக்கவே பயமா இருக்கும்மா" என்கிறான். சேர்க்கும்போது நாலு பக்க ஆங்கிலப் பாரத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான். இப்போது எதிர்த்துக் கேட்க எனக்கு உரிமை உண்டா? இன்னொன்று. என் மாமனாருக்கு 71 வயது, ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். மூளைக்குள் கம்பி வைக்கிற ஆபரேஷன் செய்யலாம் என்கிறார் மதுரை டாக்டர். சிங்கப்பூரில் இருக்கிற கொழுந்தனார், "கம்பெனிக்காரன் அப்பாவோட மூளையைக் கையில எடுத்துக்குவான்" என்று வீடியோவாக அனுப்பிக்கொண்டே இருக்கிறார். பட்டை வேண்டாம், கம்பி வேண்டும் என்று நான் சொன்னால் அது முரண்பாடு இல்லையா?

பதில்: ஆச்சி, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். முரண்பாடு இல்லை. ஐயாவுக்கு வைக்கும் கம்பி அவர் கை நடுக்கத்தை அடக்க அவருக்காக வேலை செய்யும். உங்கள் மகன் நெற்றியில் இருக்கும் பட்டை அவனுக்காக எதுவும் செய்வதில்லை. அவனைப் பற்றி அடுத்தவருக்குத் தகவல் சொல்கிறது, அவ்வளவுதான். மூளையைத் தொடும் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு நல்லதா கெட்டதா என்று கேட்பதால்தான் குழப்பம் வருகிறது. கருவி யாருக்கு வேலை செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

நான் வழக்கறிஞர், டாக்டர் இல்லை. ஆனாலும் இந்தப் பட்டை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் சட்டம் பேசுவதில் பிரயோஜனம் இல்லை என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். (நம் ஊரில் நெற்றிப் பட்டை என்றால் விபூதிதான். அதை அழித்துவிட்டு இதை மாட்டும் காலம் வந்திருக்கிறது.)

மூளை நரம்புகள் வேலை செய்யும்போது எழும் மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே அளக்கலாம் என்று 1924இல் செய்து பார்த்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1929இல் அதை வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரியில் இ.இ.ஜி. என்கிறோமே, அதுதான். அந்த மின்சாரம் எவ்வளவு சின்னது தெரியுமா? சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி 1.5 வோல்ட். தலைத்தோலில் கிடைப்பது சுமார் 50 மைக்ரோவோல்ட், அதாவது அந்தப் பேட்டரியில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணை ஒரு தடவை இமைத்தால் அதைவிடப் பெரிய அலை எழும். புருவத்தைச் சுளித்தாலும் பல்லைக் கடித்தாலும் அப்படித்தான். பட்டை உட்கார்ந்திருப்பதோ இமைக்கும் சுளிக்கும் இடத்துக்கு நேர் மேலே. நம் ஊர் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், மின்முனையே (எலக்ட்ரோடு) வாழ்க்கையாக இருக்கும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். வேர்த்த தோலில் ஒட்டாமல் நழுவும் மின்முனை என்னென்ன பொய் சொல்லும் என்று அவர்களில் யாரையாவது கேட்டால் சிரிப்பார்கள்.

என் தங்கை மகனுக்கு வலிப்பு வருகிறதோ என்ற சந்தேகத்தில் ஒரு தடவை இ.இ.ஜி. எடுத்தோம். தலையில் எண்ணெய் இல்லாமல் வரச் சொல்லி, இருபதுக்கு மேற்பட்ட இடங்களில் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு, விளக்கை மினுக்கிக் காட்டு என்று அரை மணி நேரம் போனது. கடைசியில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா, வேற விவரமும் பார்க்கணும்" என்றார். அத்தனை ஒயருக்கு அவ்வளவு அடக்கம். உங்கள் மையத்துப் பட்டையில் இரண்டோ மூன்றோ மின்முனை இருக்கும். அது 43 என்று ஒற்றை எண்ணில் தீர்ப்பு சொல்கிறது.

ஐந்தொகை பார்த்து வளர்ந்த வீடு உங்களுடையது. பேரேட்டில் 43 என்று ஒரு எண் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு ரசீது இருக்கும், யாருக்கு எதற்குக் கொடுத்தது என்று ஒரு வரி இருக்கும். இந்த 43க்கு என்ன ரசீது? பொதுவாக இத்தகைய கருவிகள் வேக அலைகளுக்கும் மெது அலைகளுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு அதற்குக் 'கவனம்' என்று பெயர் வைத்துவிடுகின்றன. கண்ணை மூடி ஒரு கணக்கை மனதில் போட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு மெது அலை கூடும், மதிப்பெண் குறையும். ஆசிரியர் சொன்னது விளங்காமல் பயந்துபோய் முறைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு மதிப்பெண் ஏறினாலும் ஏறும். கம்பெனி தன் சூத்திரத்தைக் காட்டாது. உங்கள் வீட்டுக் கணக்குப்பிள்ளை இப்படி ஒரு எண்ணைக் கொண்டுவந்து வைத்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பீர்கள்.

ஆகவே பட்டை உங்கள் மகன் மனதைப் படிப்பதில்லை. எனக்குக் கவலை அங்கே இல்லை. படித்துவிட்டதாக மூன்று பேர் நம்புகிறார்கள், அதுதான் கவலை. மையத்துக்காரர் நம்புகிறார், உங்கள் வீட்டுக்காரர் நம்பிச் சத்தம் போடுகிறார், கடைசியில் பையனே நம்பி, நினைக்கப் பயப்படுகிறான். தப்பாக அளக்கும் தராசு என்று தெரிந்தால் கடையை மாற்றலாம். தன் மனதைப் பற்றித் தன்னைவிட ஒரு பட்டைக்கு நன்றாகத் தெரியும் என்று 17 வயதில் ஒரு பிள்ளை நம்ப ஆரம்பித்தால் அவன் எங்கே போவான்?

இது நம் ஊரில் முளைத்த யோசனையும் இல்லை. 2019இல் சீனாவில் ஜின்ஹுவா என்ற ஊரில் ஒரு தொடக்கப் பள்ளியில் இதே போல மாட்டினார்கள். கவனமாக இருந்தால் பட்டையில் சிவப்பு விளக்கு, கவனம் சிதறினால் நீலம். விவரம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போகும். வீடியோ வெளியில் வந்ததும் அந்த நாட்டு மக்களே கொதித்துப்போனார்கள், உள்ளூர்க் கல்வி அதிகாரிகள் நிறுத்தச் சொன்னார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியிலிருந்து, பள்ளியிலும் வேலையிடத்திலும் உடல் அளவீடுகளை வைத்து ஒருவருடைய உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவைத் தடை செய்திருக்கிறது, மருத்துவத் தேவையும் பாதுகாப்பும் நீங்கலாக. கவனத்தை அளப்பது 'உணர்ச்சி'க்குள் வருமா என்று அங்கே வக்கீல்கள் சண்டை போடுவார்கள். போடட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இன்றைக்கு 43 என்பது வெறும் ஊகம். ஆனால் அந்த எண்ணுக்கு அடியில் இருக்கும் அலைப் பதிவு முழுவதும் எங்கோ ஒரு கணினியில் சேமிக்கப்படுகிறது. நாளைக்கு அதிலிருந்து என்ன எடுப்பார்கள்? 2023இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், பெரிய எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் ஆளைப் படுக்க வைத்து, அவர் கேட்கும் கதையின் சாரத்தைக் கிட்டத்தட்டச் சொற்களாகவே எடுத்துக் காட்டினார்கள். அதற்கு ஒவ்வொருவரும் 16 மணி நேரம் படுத்து ஒத்துழைக்க வேண்டியிருந்தது. மனதுக்குள் எண்களை எண்ணி முரண்டு பிடித்தால் எந்திரம் தோற்றுப்போனது. நெற்றிப் பட்டைக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் இன்று எடுத்து வைத்த பதிவைப் பத்து வருடம் கழித்து, அன்றைய கருவியால் திரும்பப் படிக்கலாம். வலிப்புக்கான அறிகுறி போன்ற உடல்நல விவரங்கள் மூளை அலையில் தெரியக்கூடும். பையன் வேலைக்கோ இன்சூரன்ஸுக்கோ போய் நிற்கும்போது அந்தப் பதிவு யார் கையில் இருக்கும்?

சரி, சட்டத்துக்கு வருகிறேன்.

மூளை அலையை வைத்து ஒருவர் கொலையே செய்தார் என்று தீர்மானிக்கப் பார்த்த நாடு நம்முடையது. சந்தேகப்படுபவர் தலையில் மின்முனைகளை ஒட்டி, குற்றம் நடந்த விதத்தை வரி வரியாக வாசித்துக் காட்டுவார்கள். 'இது இவர் அனுபவித்த நினைவு' என்று கணினி சொல்லும். 2008இல் புனேயில் ஒரு மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்த நீதிமன்றம் இந்தச் சோதனையையும் ஆதாரமாக ஏற்றது. பிறகு மேல்முறையீட்டில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 2010 மே 5ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக அரசு என்ற வழக்கில் பெரிய தீர்ப்பு ஒன்று கொடுத்தது. உண்மை ஊசி, பொய் கண்டறியும் கருவி, மூளை அலைச் சோதனை ஆகிய மூன்றையும் ஒருவர் சம்மதம் இல்லாமல் செய்யக்கூடாது என்றது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவும், உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான 21ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. வாயால் பேசாமல் இருக்க எனக்கு உரிமை உண்டென்றால், என் மூளையைப் பேச வைக்க உனக்கு உரிமை இல்லை என்பதுதான் சாரம். 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே இந்தப் பாதுகாப்பு இருக்கும்போது கரிம வேதியியல் வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்த பிள்ளைக்கு இல்லையா என்று கேட்பீர்கள். நானும் கேட்பேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்தத் தீர்ப்பு போலீசை, அதாவது அரசைக் கட்டுப்படுத்தியது. பயிற்சி மையம் தனியார். 'செல்வி வழக்கு' என்று சொன்னதும் அவர்கள் பட்டையைக் கழற்றிவிட மாட்டார்கள்.

தனியாரைக் கட்டுப்படுத்த வந்திருப்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன்படி 18 வயது முடியாதவர் குழந்தை. பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட இசைவு வேண்டும். குழந்தையின் நடத்தையைக் கண்காணிக்கவே கூடாது என்று 9ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்வி நிறுவனங்கள் தங்கள் கல்விப் பணிக்காகக் கண்காணிக்கலாம் என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டன. பயிற்சி மையம் அந்த ஜன்னல் வழியாகத்தான் நுழையப் பார்க்கும். அதோடு, முக்கியமான பிரிவுகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன. மூளைத் தரவு என்று தனியாக ஒரு வகையும் அந்தச் சட்டத்தில் இல்லை. செல்போன் எண்ணும் மூளை அலையும் அதற்கு ஒன்றுதான். சிலி நாடு 2021இல் தன் அரசியல் சட்டத்திலேயே மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து எடுக்கும் தகவலுக்கும் பாதுகாப்பு எழுதிக்கொண்டது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒரு முன்னாள் செனட்டரின் மூளைப் பதிவுகளை அழிக்கச் சொல்லி, பட்டை விற்ற ஒரு கம்பெனிக்கு உத்தரவும் போட்டது. 2025 நவம்பரில் யுனெஸ்கோ நரம்புத் தொழில்நுட்ப அறநெறி குறித்த பரிந்துரையை ஏற்றது. பரிந்துரைதான், கட்டாயம் இல்லை.

இருந்தும் அந்தச் சட்டத்தில், அவையும் 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும் என்றாலும், இப்போதே உங்கள் வாதத்துக்குக் கைகொடுக்கும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, இசைவு கேட்கும் பாரத்தைத் தமிழில் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை தருகிறது. இன்னொன்று, கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம், அதுவும் கொடுத்தபோது எவ்வளவு சுலபமாக இருந்ததோ அவ்வளவு சுலபமாக. இசைவு என்ற சொல் உங்களுக்குப் புதிதில்லை. கல்யாணத்தில் ஒப்பந்தப் பத்திரமான இசைகுடிமானம் எழுதும்போது என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு வீட்டாருக்கும் தெரியும். (அதிலும் வழக்கமாகக் கையெழுத்துப் போடுவது இரண்டு தகப்பனார்கள்தான், மாப்பிள்ளையும் பெண்ணும் இல்லை என்பது வேறு கதை.) மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒளிந்திருந்ததற்குப் போட்ட கையெழுத்து எந்த விதத்தில் இசைவு? அந்தக் கையெழுத்துக்காக நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போனில் பேசாதீர்கள், எழுதிக் கொடுங்கள். தமிழில், அரைப் பக்கம் போதும். 'என் மகனுக்கு மூளை அலைப் பட்டை மாட்டுவதற்கு இன்ன தேதியில் கொடுத்த இசைவைத் திரும்பப் பெறுகிறேன். இன்று முதல் மாட்ட வேண்டாம். இதுவரை எடுத்த பதிவுகளை உங்களிடமிருந்தும் கருவிக் கம்பெனியிடமிருந்தும் அழித்து எழுத்தில் உறுதி தரவும். நான் கையெழுத்திட்ட பாரத்தின் நகலும், மதிப்பெண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்ற விளக்கமும் வேண்டும். இதனால் வகுப்பிலோ தேர்விலோ அவன் நடத்தப்படும் விதம் மாறக்கூடாது.' இதைக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பட்டை இல்லாவிட்டால் வகுப்பு இல்லை என்றால் மீதிக் கட்டணத்தைக் கேளுங்கள். நடுவில் விலகும் மாணவருக்கு மீதி நாட்களுக்கான கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித்தர வேண்டும் என்று மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2024 ஜனவரி வழிகாட்டுதல் சொல்கிறது. மறுத்தால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சேவைக் குறைபாடு என்ற பழைய ஆயுதம் இப்போதைக்குப் புதுத் தரவுச் சட்டத்தைவிடக் கூர்மையானது என்பது என் அபிப்பிராயம். இன்னும் நாலு பெற்றோர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் நுகர்வோர் ஆணையம் வரை போக வேண்டியே வராது.

கடிதம் கொடுப்பதற்கு முன் பையனிடம் கேளுங்கள். சட்டம் அவனைக் குழந்தை என்று சொன்னாலும் தலை அவனுடையது. உங்கள் வீட்டுக்காரரிடம் வாதம் வேண்டாம். ஒரு நாள் அந்தப் பட்டையை அவர் நெற்றியில் மாட்டி, கடைக் கணக்கு எழுதச் சொல்லிப் பாருங்கள். வளவு என்கிற நடு முற்றம் எல்லாருக்கும் பொது, ஆனால் அதைச் சுற்றி இருக்கும் ஒவ்வொரு புள்ளியின், அதாவது ஒவ்வொரு குடும்பத்தின், அறைக்கும் தனிப் பூட்டு என்று வைத்துக் கட்டிய வீட்டில் பிறந்தவர் அவர். அவருக்குப் புரியும்.

இனி ஐயா விஷயம். கொழுந்தனார் அனுப்பும் வீடியோக்களில் வருவது, 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குப் பொருத்தப்பட்ட நியூராலிங்க் மாதிரியான கருவியாக இருக்கும். கை கால் அசையாதவர் நினைப்பாலேயே கணினியை இயக்க உதவுவது அது. ஐயாவுக்குச் சொல்லியிருப்பது வேறு. 1987இல் பிரான்சில் பெனாபிட் என்ற மருத்துவர் தொடங்கி, இன்று உலகம் முழுக்கச் செய்யப்படும் ஆழ்மூளைத் தூண்டல். மூளைக்குள் மெல்லிய கம்பி, கழுத்துத் தோலுக்கு அடியில் ஒயர், காறை எலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் மாதிரி ஒரு பெட்டி. நடுக்கத்தையும் இறுக்கத்தையும் குறைக்கும். நோயைக் குணப்படுத்தாது. சிலருக்கு மனநிலையில் மாற்றம் வரலாம், அதை டாக்டரிடம் விலாவாரியாகக் கேளுங்கள். அதில் கம்பெனிக்காரன் உட்கார்ந்து ஐயாவை ஆட்டி வைக்கப் போவதில்லை.

கம்பெனியைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடம் வேறு. ஆஸ்திரேலியாவில் வலிப்பு வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவியை ஒரு பெண்ணின் மூளையில் பரிசோதனைக்காகப் பொருத்தினார்கள். அவருக்கு வாழ்க்கையே திரும்பிவிட்டது. கம்பெனியிடம் பணம் தீர்ந்தது, கருவியை எடுக்க வேண்டும் என்றார்கள். வீட்டை அடமானம் வைத்தாவது நானே வாங்கிக்கொள்கிறேன் என்று அந்தத் தம்பதி கேட்டும் நடக்கவில்லை. எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவில் செயற்கை விழித்திரை செய்த ஒரு கம்பெனி அந்தக் கருவியைக் கைவிட்டபோது முந்நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பழுது பார்க்க ஆள் இல்லாத கருவியோடு நின்றார்கள். ஆகவே மதுரை டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்: பேட்டரி எத்தனை வருடம் வரும் (சார்ஜ் செய்ய முடியாதது மூன்றிலிருந்து ஐந்து வருடம், சார்ஜ் செய்வது இன்னும் பல வருடம் என்பார்கள்), மாற்ற என்ன செலவு, கம்பெனி போனால் யார் பார்ப்பார்கள், இந்த மாடல் மூளை அலையைப் பதிவு செய்து வைக்குமா, வைத்தால் யார் பார்க்கலாம். எதிர்காலத்தில் எந்த எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்பதையும் கேட்டு வையுங்கள்.

உங்கள் கடிதத்தில் டாக்டர் சொன்னது இருக்கிறது, கொழுந்தனார் சொன்னது இருக்கிறது, நீங்கள் நினைப்பதும் இருக்கிறது. ஐயா என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. பார்க்கின்சன் வந்தவர் முகத்தில் உணர்ச்சி தெரியாது, குரல் தேய்ந்துவிடும், பேச்சு தொடங்கவே நேரமாகும். அதற்குள் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுவார். அவர் பேசாமல் இருப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மூளையில் கம்பி வைக்கக் கூடாது, மறுப்பு என்று எடுத்துக்கொண்டு வைக்காமல் விடவும் கூடாது. காலை மாத்திரை வேலை செய்து உடம்பு கொஞ்சம் இளகியிருக்கும் நேரமாகப் பார்த்து, திண்ணையில் பக்கத்தில் உட்காருங்கள். மற்றவர்கள் உள்ளே இருக்கட்டும், கொழுந்தனார் வீடியோ காலும் வேண்டாம். கேட்டுவிட்டு, அவர் வாக்கியம் முடிகிற வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.